கல்வராயன் மலையின் வழிகள்: சுற்றுவழி, ஏறுவழி, ஊடுவழி

ஆய்வுச் சுருக்கம்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பிரிவாகிய கல்வராயன் மலையின் நில அமைப்பையும் நடைவழிகளின் வரலாற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது. மலையைச் சுற்றிச் சென்ற பெருவழிகள், அடிவாரத்திலிருந்து மேலேறிய வழிகள், மலைமேல் ஊர்களை ஒன்றோடொன்று இணைத்த வழிகள் என அவ்வழிகளை வகைப்படுத்தலாம். எழுத்தாவணங்கள் முதல் வகையை நன்கறிந்துள்ளன. இரண்டாம் வகையை ஓரளவு அறிந்துள்ளன. மூன்றாம் வகையைப் பெரும்பாலும் அறியவில்லை. ஆவணங்களை எழுதியோர் மலையை அடிவாரத்திலிருந்து நோக்கியதே இதற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். வன உரிமைச் சட்டத்தின்கீழ் சான்று தேடும் இன்றைய சூழலில் இந்த இடைவெளி நடைமுறை விளைவு உடையதாகிறது.

திறவுச்சொற்கள்: கல்வராயன் மலை, திருநாவலூர், மலையாளிப் பழங்குடியினர், மலைபடுகடாம், நடைவழி, ஜாகிர், வன உரிமை.

முன்னுரை

திருநாவலூர் சமவெளி ஊர். கெடிலக்கரையில், திருமுனைப்பாடி நாட்டின் நடுவே அமைந்த இவ்வூரைத் தமிழுலகம் சுந்தரமூர்த்தி நாயனாரின் பிறப்பிடமாக அறியும். 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி மாவட்டம் செயல்படத் தொடங்கியபோது இவ்வூரும் மேற்கே உள்ள கல்வராயன் மலையும் ஒரே மாவட்டத்துக்குள் வந்தன. ஒருபுறம் தேவார மூவருள் ஒருவரின் ஊர்; மறுபுறம் தமிழிலக்கிய வரலாற்று நூல்களில் பெயரளவுக்குக்கூட இடம்பெறாத மலை. இவற்றுக்கிடையே உள்ள தொடர்பை நீரிலிருந்தும் வழியிலிருந்தும்தான் தேட வேண்டியுள்ளது.

சுந்தரர் வரலாற்றிலேயே வழி பற்றிய ஒரு நிகழ்ச்சி உண்டு. திருமுதுகுன்றம் செல்லப் புறப்பட்ட அவர் எதிர்வந்த வேதியர் ஒருவரிடம் அவ்வூருக்கு வழி கேட்கிறார். வேதியரோ இவ்வழி கூடலையாற்றூருக்குச் செல்வது என்று சொல்லி, தாமும் உடன் நடந்து, பின் மறைகிறார். வந்தவர் இறைவனே என்று சேக்கிழார் உரைப்பார். கூடலையாற்றூர் மணிமுத்தாறும் வெள்ளாறும் கூடுமிடம். திருமுதுகுன்றமாகிய விருத்தாசலம் மணிமுத்தாற்றின் கரையில் உள்ளது. அடியார் பொன்னை இட்டதாகப் புராணம் கூறும் ஆறும் இதுவே. அந்த மணிமுத்தாறு கல்வராயன் மலையில் பிறக்கிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியைப் பதிகங்களாலும் புராணங்களாலும் அறிந்த நாம், அதன் தலைப்பகுதியை அறிய முற்படவில்லை என்பது சற்றே வியப்புக்குரியது.

இக்கட்டுரை அச்சிட்ட ஆவணங்கள், நில அமைப்பு, ஊர்ப்பெயர்கள், பழைய இலக்கியம் ஆகியவற்றையே சான்றாகக் கொள்கிறது. களஆய்வின் வழி நிரப்ப வேண்டிய இடங்கள் ஆங்காங்கே சுட்டப்பெறும்.

மலையின் அமைப்பும் நீர்ப்பிரிவும்

கல்வராயன் மலை ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. வடபகுதி சின்னக் கல்வராயன் என்றும் தென்பகுதி பெரிய கல்வராயன் என்றும் வழங்கும். வடபகுதி சராசரியாக 2,700 அடி உயரமும் தென்பகுதி 4,000 அடியை ஒட்டிய உயரமும் உடையன. பெயரில் உள்ள சிறுமை பெருமை உயரத்துக்குப் பொருந்துகிறது. ஏற்காட்டையோ உதகையையோ மனத்தில் கொண்டு வருவோருக்கு இம்மலையில் தனித்தெழும் சிகரம் எதுவும் தென்படாது. செங்குத்தான விளிம்பும், அதன்மேல் அலையலையாக விரிந்த மேட்டுநிலமும், அம்மேட்டுநிலத்தை அறுத்துச் செல்லும் ஓடைகளுமே இதன் வடிவம். ஏறுவது கடினம், ஏறியபின் நடப்பது எளிது. மலையின் வழி வரலாறு முழுவதும் இந்த ஒரு பண்பிலிருந்தே விளைந்தது எனலாம்.

இம்மலை காவிரிப் படுகையையும் பாலாற்றுப் படுகையையும் பிரிக்கிறது என்னும் கூற்று நூல்களில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது. சவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை ஆகியவற்றோடு சேர்த்து ஒரு தொடராகக் கொண்டால் அது சரியே. கல்வராயனைத் தனித்து நோக்கினால் அக்கூற்று பிழையான தோற்றத்தைத் தரும். இதன் வடசரிவின் நீர் தென்பெண்ணைக்குச் செல்கிறது. தெற்கிலும் தென்மேற்கிலும் இறங்கும் நீர் கரியகோயில் ஆறு, வசிட்ட நதி ஆகியவற்றின் வழியே வெள்ளாற்றை அடைகிறது. கிழக்கில் இறங்கும் கோமுகியும் மணிமுத்தாறும் இறுதியில் வெள்ளாற்றிலேயே கலக்கின்றன. ஆகவே கல்வராயன் பிரிப்பது தென்பெண்ணையையும் வெள்ளாற்றையும். சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் வழியே காவிரியை அடையும் திருமணிமுத்தாற்றையும், விருத்தாசலம் மணிமுத்தாற்றையும் ஒன்றாகக் கருதிய பெயர்க்குழப்பமும் இப்பிழைக்குத் துணைசெய்திருக்கலாம்.

கெடிலத்தின் நிலை வேறு. ‘கெடிலக் கரை நாகரிகம்’ எழுதிய சுந்தர சண்முகனார் அவ்வாற்றின் பிறப்பிடத்தை மையனூர்ப் பகுதியில் காட்டுவார். அது மலையின் உயர்ந்த மேட்டுநிலத்தில் அன்று, அதற்குக் கிழக்கே தாழ்ந்த நிலத்தில் உள்ளது. ஆகவே திருநாவலூரைத் தொட்டுச் செல்லும் நீர் கல்வராயனின் நேர்ப்பிள்ளை அன்று. கோமுகி அணை, மணிமுத்தாறு அணை, சேலம் மாவட்டப் பக்கத்தில் கரியகோயில் அணை என இம்மலையின் நீரை அடிவாரத்திலேயே தேக்கும் கட்டுமானங்கள் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தன. மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் வழிகளைப் போலவே மலைநீரின் கணக்கும் அடிவாரத்தில்தான் தொடங்குகிறது.

சுற்றுவழிகள்

படைகளும் வணிகரும் இம்மலையின்மேல் ஏறிச் செல்லவில்லை, சுற்றிச் சென்றனர். வடக்கே சவ்வாது மலைக்குத் தெற்கில் செங்கம் கணவாய். தெற்கே கல்வராயனுக்கும் பச்சைமலை, கொல்லிமலைகளுக்கும் இடையில் ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு. பாராமகால் நிலப்பகுதியிலிருந்தும் கொங்கிலிருந்தும் கீழைக்கடற்கரை நோக்கி வருவோருக்கு இவ்விரண்டுமே இயல்பான வாயில்கள்.

இவ்வாயில்களை ஒட்டியே அரசியல் மையங்கள் அமைந்தன. தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூரை மையமாகக் கொண்ட மலையமான் மரபு, வசிட்ட நதிக்கரையில் ஆறகளூரை மையமாகக் கொண்டு மகதை மண்டலத்தை ஆண்ட வாணகோவரையர் மரபு ஆகிய இரண்டும் மலையின் இருபுறத்து வாயில்களுக்கு முன் அமர்ந்தவை. முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் படையோடு திருநாவலூரில் தங்கியிருந்ததையும் இப்பின்னணியில் காணலாம். அவன் பெயரோடு தொடர்புடைய திருத்தொண்டீச்சரம் திருநாவலூரிலும், அவனுடைய சேரநாட்டுத் தளபதி வெள்ளன் குமரனின் திருப்பணி அண்மையிலுள்ள கிராமம் என்னும் ஊரிலும் உள்ளன. 949-இல் தக்கோலத்தில் முடிந்த அவ்வாழ்வின் பாசறைக்காலம் வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வரும் வழிகளை எதிர்நோக்கிய இடத்தில் கழிந்தது. இதனை நேரடிச் சான்றாகக் கொள்ளாமல் இடவமைப்பு தரும் குறிப்பாக மட்டுமே இங்குக் கூறுகிறோம்.

பிற்காலத்திலும் இதே நிலைதான். 1767 செப்டம்பரில் ஐதர் அலியின் படையும் கர்னல் சுமித்தின் ஆங்கிலப் படையும் செங்கத்தில் பொருதன. தெற்கே ஆத்தூர்க் கோட்டை வசிட்ட நதிக்கரையில் பள்ளத்தாக்கைக் காத்து நின்றது. இன்றைய சேலம் – உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையும், ஆத்தூர், சின்னசேலம் வழியே விருத்தாசலம் செல்லும் இருப்புப்பாதையும் அப்பழைய தெற்கு வாயிலின் தொடர்ச்சியே. வரலாற்று நூல்கள் பேசும் வழிகள் யாவும் இவ்வகையின. கல்வராயன் அவற்றில் ஒரு தடையாகவோ பின்புலமாகவோ மட்டுமே வருகிறது.

ஏறுவழிகள்

கிழக்கில் கச்சிராயபாளையத்திலிருந்து கரியாலூர், வெள்ளிமலை நோக்கியும், வடகிழக்கில் சங்கராபுரம் பக்கமிருந்து மூலக்காடு வழியே சேராப்பட்டு நோக்கியும், தென்மேற்கில் தும்பல் பக்கமிருந்து கருமந்துறை நோக்கியும் இன்று தார்ச்சாலைகள் ஏறுகின்றன. மேற்கே கோட்டப்பட்டிப் பள்ளத்தாக்கு கல்வராயனைச் சித்தேரி மலையிலிருந்து பிரிக்கிறது. சாலைகளுக்கு முன்பிருந்த ஏறுவழிகள் பெரும்பாலும் ஓடைகளின் வாய்களை ஒட்டியும், ஓடைக்கரை செங்குத்தாகும்போது அதனை விட்டு விலகிப் பக்கச் சரிவின் முகட்டைப் பற்றியும் சென்றிருக்க வேண்டும். அருவிகள் மிகுந்த விளிம்பு இது. மேகம், பெரியார், கவியம் முதலிய அருவிகள் இன்று சுற்றுலா இடங்களாக அறியப்படுகின்றன. நடப்பவருக்கு அருவி என்பது வழி அடைபட்ட இடம்.

இவ்வேறுவழிகளில் ஏறியவை உப்பு, துணி, இரும்புக் கருவிகள். இறங்கியவை கடுக்காய், புளி, தேன், சாமை முதலியன. சுமை தலையிலும் தோளிலும் சென்றது. நோயுற்றோரும் மகப்பேற்றுக்கு உரியோரும் தூளி கட்டி இறக்கப்பட்டனர். சாலை எட்டாத சிற்றூர்களில் இந்நிலை இன்னும் முற்றிலும் மாறிவிடவில்லை.

ஆங்கில ஆட்சியின் எழுத்தாவணங்கள் அறிந்தவை இந்த ஏறுவழிகளைத்தான். கார்சுடினின் தென்னார்க்காடு மாவட்டக் கையேடு (1878), லெஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடு (1883), பிரான்சிசின் தென்னார்க்காடு விவரச்சுவடி (1906), ரிச்சர்ட்சின் சேலம் விவரச்சுவடி (1918) ஆகியவை கல்வராயனைப் பற்றிப் பேசுகின்றன. இவர்களின் அக்கறை மூன்று: மலைமக்கள் யார், மலை யாருடையது, அதிலிருந்து என்ன கிடைக்கும். மலைக்காய்ச்சல் அச்சம் அலுவலரை அடிவாரத்திலேயே நிறுத்தியது. மலை இரு மாவட்டங்களுக்கிடையே பிளவுபட்டிருந்ததால் ஒவ்வொரு கையேடும் தன் பக்கத்துச் சரிவை மட்டுமே விவரித்தது. தென்னார்க்காட்டு நூலில் மலை மேற்கெல்லை. சேலத்து நூலில் அது கிழக்கெல்லை. இரண்டிலும் அது ஓரம். இரு நூல்களையும் சேர்த்து வைத்து வாசித்தாலும் ஒரு முழுமலை கிடைப்பதில்லை.

மலைபடுகடாம் தரும் பாடம்

மலைவழியைப் பற்றி எழுதுவதென்றால் எவற்றையெல்லாம் எழுத வேண்டும்? இக்கேள்விக்குத் தமிழில் மிகப் பழைய விடை ஒன்று கல்வராயனுக்கு வடக்கே, அண்மை நிலத்திலிருந்தே கிடைக்கிறது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்ட கூத்தராற்றுப்படை. நன்னனின் செங்கண்மா என்னும் செங்கத்துக்குச் செல்லும் கூத்தருக்கு வழி கூறுவது. அது கூறும் நவிரமலையும் சேயாறும் கல்வராயனைச் சார்ந்தவை அல்ல. எனினும் நிலமும் பயிரும் வாழ்முறையும் ஒத்தவை.

பொதுவாக இந்நூலின் இயற்கை வருணனையே வகுப்பறைகளில் போற்றப்படுகிறது. அதனை ஒரு வழிநூலாக வாசித்தால் வேறொன்று தெரியவரும். பன்றிக்கு வைத்த கற்பொறிகள் உள்ள சரிவில் விடியும்வரை காத்திருந்து செல்ல வேண்டும். பாம்புப் புற்றுகள் உள்ள இடத்தில் எச்சரிக்கை வேண்டும். தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல் வரும் திசையில் மரத்தின் மறைவில் ஒதுங்க வேண்டும். பாசி வழுக்கும் நீர்விளிம்பில் பற்றுக்கோடு கொண்டு நடக்க வேண்டும். இரவில் குகையில் தங்கலாம். வழி தவறினால் பாறைமேல் அமர்ந்து இசைக்கருவியை முழக்கினால் கானவர் வந்து வழிகாட்டுவர். நடுகற்கள் நிற்கும் கவர்வழிகளும் கூறப்படுகின்றன. பழக்கமில்லாத கவர்வழிகளில், சென்ற வழியைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளமிட்டுப் பின்வருவோருக்கு உதவ வேண்டும் என்பதும் அறிவுரைகளுள் ஒன்று.

இவற்றில் தொலைவுக் கணக்கு இல்லை. திசைக் குறிப்பும் அரிது. இருப்பவை இடர், பருவம், பொழுது, தங்குமிடம், அடையாளம், வழியில் எதிர்ப்படும் மனிதர்கள். மாவட்டக் கையேடுகளில் இருப்பவை தொலைவும் உயரமும் திசையும். முன்னது நடப்பவரின் அறிவு, பின்னது ஆள்பவரின் அறிவு. புல் முடிந்து வைத்தல் என்ற ஒரு குறிப்பை மட்டும் எடுத்துக்கொண்டாலும், வழி என்பது தனியொருவர் செல்வதன்று, முன்சென்றோரும் பின்வருவோரும் சேர்ந்து பேணுவது என்ற கருத்து அதில் உறைந்துள்ளது. வழியின் உரிமை பற்றிப் பின்னர்ப் பேசும்போது இக்கருத்து நமக்கு மீண்டும் தேவைப்படும்.

செங்கம் வட்டாரத்தில் கண்டெடுக்கப்பட்டுத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையால் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற பெயரில் பதிப்பிக்கப்பெற்ற கல்வெட்டுகளையும் இங்கு நினைவுகூரலாம். ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் இறந்தோர் நினைவுக்கு அவை எழுந்தன. ஆநிரைகள் செல்வது வழியில்தான். நடுகல் நின்ற இடங்களை நிலப்படத்தில் குறித்து, அவற்றை மேய்ச்சல் தடங்களோடு ஒப்பிடும் ஆய்வு இப்பகுதிக்குப் பயன் தரும்.

ஊடுவழிகள்: நாடும் வளவும்

மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பெயர் ‘மலையை ஆள்வோர்’ அல்லது ‘மலையில் வாழும் ஆட்கள்’ என்ற பொருளில் அமைந்தது. மலையாள மொழியோடு அதற்குத் தொடர்பில்லை. அவர்கள் தமிழ் பேசுவோர். காஞ்சியிலிருந்து வந்த மூன்று உடன்பிறந்தாருள் பெரியண்ணன் சேர்வராயனுக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் சென்றனர் என்ற கதை எட்கர் தர்சுடனின் தொகுப்பிலும் (1909) அதற்கு முந்தைய சேலம் கையேட்டிலும் பதிவாகியுள்ளது. கரியராமன் வழிபாடு இவர்களை ஒன்றிணைக்கிறது. இக்கதையின் பதிவான வடிவத்தில் கல்வராயனுக்கென ஓர் அண்ணன் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. சேர்வராயனுக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட நிலமாக, அண்ணன் தம்பியர் மலைகளை இணைக்கும் இடைவெளியாகக் கல்வராயன் கருதப்பட்டதா? அல்லது பதிவு செய்தோர் கேட்ட இடம் சேர்வராயன் என்பதால் விடுபட்டதா? இரண்டாவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. கல்வராயன் ஊர்களில் இக்கதையை மீண்டும் கேட்டுப் பதிவு செய்தல் இன்றியமையாதது.

மலைமேல் நிலம் ‘நாடு’களாகப் பகுக்கப்பட்டிருந்தது. சேலம் மாவட்டப் பெத்தநாயக்கன்பாளையம் ஒன்றியத்தில் இன்றும் சின்னக் கல்வராயன் வடக்குநாடு, தெற்குநாடு, பெரிய கல்வராயன் மேல்நாடு, கீழ்நாடு என்பன ஊராட்சிப் பெயர்களாக வழங்குகின்றன. கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் இத்தகைய நாட்டுப் பிரிவுகள் உண்டு. நாடு என்னும் பழைய அலகு மலைமேல் உயிரோடு இருப்பது வரலாற்றாய்வாளர் மேலும் ஆராயத்தக்கது. நாட்டுக்குள் சிற்றூர்கள் பல இடங்களில் ‘வளவு’ எனப்படுகின்றன. ஒரே உறவுமுறையினர் வீடுகள் நெருங்கியமைந்த குடியிருப்பு என்ற பொருளை அச்சொல் தாங்கி நிற்கிறது.

நாடுகளின் பெயர்களை நோக்குக. வடக்கு, தெற்கு, மேல், கீழ். இவை ஒன்றையொன்று நோக்கி வைக்கப்பட்ட பெயர்கள். அடிவாரத்து ஊர் எதுவும் இப்பெயர்களுக்கு மையமாக இல்லை. மலையைத் தனக்குள்ளேயே ஒரு முழு நிலமாகக் கண்டவர்கள் வைத்த பெயர்கள் இவை. அத்தகைய பார்வை மலைமேல் குறுக்கும் நெடுக்குமாக நடமாட்டம் இருந்தாலன்றித் தோன்றாது. மணவுறவு, திருவிழா, வழக்குத் தீர்த்தல், விதைமாற்று, கால்நடை தேடல் ஆகியவை இந்நடமாட்டத்தின் காரணங்கள்.

இவ்வூடுவழிகளின் அமைப்பை நில அமைப்பிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஓடைகள் பெருகும். ஓடைகளைக் குறைவாகக் கடக்கும் வழி நீர்பிரி முகடுகளை ஒட்டிய வழியே. ஆகவே நெடுந்தொலைவு வழிகள் முகட்டையும், அண்மை ஊர்களை இணைக்கும் வழிகள் ஓடையின் தலைப்பகுதிகளையும் பற்றிச் சென்றிருக்கும். ஓடையைக் கடந்தே ஆகவேண்டிய இடங்கள் பெயர்பெற்றன. கருமந்துறை என்னும் ஊர்ப்பெயரில் உள்ள ‘துறை’ இத்தகைய கடவிடத்தைக் குறிக்கலாம். மலையின் வடகிழக்கே தென்பெண்ணைக் கரையில் உள்ள மூங்கில்துறைப்பட்டு, மலைமூங்கில் வந்து சேர்ந்த துறையைப் பெயரிலேயே வைத்திருப்பதாகக் கொள்ள இடமுண்டு. சேராப்பட்டு, தொரடிப்பட்டு எனப் ‘பட்டு’ என முடியும் பெயர்களும், குண்டியாநத்தம் போன்ற ‘நத்தம்’ பெயர்களும், இன்னாடு என்ற பெயரும் தனித்து ஆராயத்தக்கன.

நிலஅளவைத் துறையின் படங்கள் இதற்கு இன்னொரு சான்று. அவை வண்டித்தடம், சுமைவிலங்குத் தடம், ஒற்றையடிப்பாதை ஆகியவற்றை வெவ்வேறு கோட்டுக்குறிகளால் காட்டும் வழக்கமுடையவை. ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற பழைய அளவிலான தாள்களையும் 1:50,000 அளவிலான பின்னைய தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நோக்கினால் எந்தப் புள்ளிக்கோடு தார்ச்சாலையாயிற்று, எது மறைந்தது என்பதைப் பட்டியலிட முடியும். தமிழாய்வுலகில் நிலப்படத்தை இலக்கியச் சான்றுக்கு நிகராக எடுத்தாளும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. இன்று மலையின் உட்தடங்கள் செய்தித்தாளில் இடம்பெறுவது பெரும்பாலும் சாராய ஊறல் அழிப்புச் செய்திகளில்தான் என்பது நம் காலத்தின் அவலம்.

எல்லையும் சாலையும்

ஆங்கில ஆட்சிக்காலத்தில் கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலையூர்கள் சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், அரிய கவுண்டர் என்னும் மூன்று ஜாகிர்தார்களின்கீழ் இருந்தன. விசயநகர வேந்தர் கிருட்டிணதேவராயர் அவ்வுரிமையை வழங்கினார் என்பது மரபுவழிச் செய்தி. சமவெளியில் ஜமீன்கள் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னும் இம்மலையில் ஜாகிர் முறை நீடித்தது. 1976-இல்தான் அரசு இதனை முழுமையாகத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகளுக்குப் பின்னரே அரசு மலையேறியது எனலாம்.

அரசு ஏறியபோது சாலையும் ஏறியது. சாலை மருத்துவத்தையும் பள்ளியையும் சந்தையையும் கொண்டுவந்தது. அதன் நன்மையை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் சாலைகள் ஏறுவழிகளைப் பின்பற்றின, ஊடுவழிகளைப் பின்பற்றவில்லை. ஒவ்வொரு சரிவும் தன் அடிவாரத்து வட்டத் தலைநகரோடு இணைக்கப்பட்டது. 1965-இல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. 1993-இல் தென்னார்க்காடு கடலூர், விழுப்புரம் என இரண்டாயிற்று. 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. ஒவ்வொரு பிரிவிலும் மலையின் பிளவு நிலைபெற்றது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன் மலை வட்டம் அமைந்தமை மலைக்குள்ளேயே ஒரு நிருவாக மையம் என்ற வகையில் நல்ல மாற்றம். ஆயினும் அது கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்கு மட்டுமே உரியது; மேல்நாடும் கீழ்நாடும் சேலத்தைச் சேர்ந்தவை. வெள்ளிமலை – கருமந்துறைச் சாலை இவ்விரு பக்கங்களையும் இணைக்கும் ஒரு நூலிழை.

வழியுரிமை

2024 சூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை அடுத்து, கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்குப் பதிவு செய்து, சாலை உள்ளிட்ட அடிப்படை வசதிகள் குறித்து அரசிடம் விளக்கம் கேட்டது. இதனால் மலைவழி நீதிமன்றப் பொருளாயிற்று.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இங்கு இருவகையில் தொடர்புடையது. முதலாவதாக, வனநிலத்தில் சாலை முதலிய பொதுவசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலத்தை மாற்றியளிக்க அது வழிசெய்கிறது. 3.75 மீட்டர் அகலமுள்ள ஒருவழிச் சாலைக்கு ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் நீளம். ஒரு வளவைப் பக்கத்துச் சாலையோடு இணைக்க இது போதும். ஒரு நாட்டை இன்னொரு நாட்டோடு இணைக்கப் போதாது. சட்டம் தன்னையறியாமலே ஏறுவழிக்கு இடந்தந்து ஊடுவழியை விட்டுவிடுகிறது.

இரண்டாவது, சான்று. சமூக வன உரிமை கோருவதற்கான சான்றுகளாக 2008-ஆம் ஆண்டு விதிகள் மாவட்ட விவரச்சுவடிகளையும் கணக்கெடுப்புகளையும் படங்களையும் ஏற்கின்றன. நம் கேள்வி இங்கேதான் கூர்மையடைகிறது. விவரச்சுவடிகள் அடிவாரத்திலிருந்து எழுதப்பட்டவை என்றால், அவற்றில் இடம்பெறாத ஊடுவழிகளும் அவற்றையொட்டிய புனித மரங்களும் இடுகாடுகளும் நீர்நிலைகளும் எழுத்துச்சான்று இல்லாதவையாகிவிடும். ஆவணத்தில் இல்லாதது நிலத்திலும் இல்லை என்ற முடிவுக்கு அலுவலர் வருவது எளிது. விதிகளோ உரிமை கோராத முதியோரின் வாக்குமூலத்தை எழுத்தில் பதிந்து தருவதையும், நிலத்தில் காணும் அடையாளங்களையும் சான்றாக ஏற்கின்றன. விவரச்சுவடியின் மௌனத்தை முதியோர் நினைவால் நிரப்பச் சட்டத்திலேயே இடமுண்டு.

பிற நாட்டு நடைமுறை ஒன்று ஒப்பிடத்தக்கது. இங்கிலாந்தில் 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் நடைப்பயணிகள் தடையை மீறி ஏறினர். அதன்பின் நிகழ்ந்த நெடிய முயற்சிகளின் பயனாக 1949-ஆம் ஆண்டுச் சட்டம், மாவட்ட மன்றங்கள் தத்தம் பகுதியின் நடைபாதைகளை ஆய்ந்து உறுதிப்படத்தில் பதியவேண்டும் என விதித்தது. படத்தில் ஏறிய பாதை சட்டத்தின் முன் பாதையாயிற்று. அங்கு வேண்டுகோள் ஓய்வுநாளில் நடப்போருடையது; இங்கு அன்றாடம் நடப்போருடையது. அந்த வேறுபாட்டை மறக்கலாகாது. தமிழ்நாட்டில் 2024-இல் 40 மலையேற்றத் தடங்கள் முன்பதிவு முறையில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. பொழுதுபோக்கு நடைக்குத் தடம் வரைந்து பெயரிட முடிந்த நமக்கு, வாழ்வுக்காக நடந்த தடங்களையும் வரைய முடியும்.

அப்பணிக்கு மலைபடுகடாம் தரும் முறை பொருந்தும். ஒவ்வொரு வழிக்கும் அது தொடங்கும் வளவு, சேரும் வளவு, கடக்கும் ஓடைகளின் பெயர், மழைக்காலத்தில் நடக்கத்தக்கதா என்பது, தங்குமிடம், வழிபாட்டு மரமோ கல்லோ உள்ள கவர்வழி, யார் எதற்காக நடந்தனர் என்பவற்றைப் பதிவு செய்ய வேண்டும். கிராம சபையே பதிவு செய்து ஏற்பது சட்டப்படி வலுவுடையது. வடக்குநாடு, தெற்குநாடு, மேல்நாடு, கீழ்நாடு ஆகியவற்றோடு வெள்ளிமலை, இன்னாடு, சேராப்பட்டுப் பகுதிகளையும் சேர்த்து, மாவட்ட எல்லை கருதாமல் அதைச் செய்ய வேண்டும். 1976-இல் இருபது வயதில் இவ்வழிகளில் சுமை தூக்கி நடந்தவர்கள் இன்று எழுபதைத் தொட்டு நிற்கின்றனர்.